18 வயசுக்கு அப்புறம் என்ன? ஸ்பெஷல் ஸ்கூல் முடிக்கப்போற பிள்ளைங்களோட பெத்தவங்க, டீச்சருங்க வாங்க

ஈரோட்டு அம்மா:
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. என் பையனுக்கு 16 முடிஞ்சுருச்சு, டவுன் சிண்ட்ரோம். சின்ன வயசுல இருந்தே ஒரே ஸ்பெஷல் ஸ்கூல்தான். போன வாரம் பேரண்ட்ஸ் மீட்டிங்ல, 18 ஆயிருச்சுன்னா இங்க வெச்சுக்க முடியாதுங்க, அதுக்கப்பறம் என்னன்னு வீட்ல யோசிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் சொல்லுவான், பேர் எழுதுவான், கலர் எல்லாம் தெரியும். ஆனா கடைக்கு அனுப்புனா கேக்கத் தெரியாம நின்னுட்டு திரும்பி வந்துருவான். ஸ்கூல்ல பேப்பர் கவர் ஒட்டறதும் கால்மிதி பின்றதும் சொல்லித் தராங்க, அதுல அவனுக்கு துளி இஷ்டமில்ல. வீட்ல பெரியவங்க "அவன் எங்கயும் போக வேண்டாம், நம்மகூடவே இருக்கட்டும், சோறு போட மாட்டமா"ங்கறாங்க. சோத்துக்கா நான் கேக்கறேன்? நாள் முழுக்க அவன் என்ன பண்ணுவான், எனக்கு முடியாமப் போனா என்ன பண்ணுவான்னுதான் கவலை. இருக்கற ரெண்டு வருசத்துல எதைச் சொல்லித் தரணும்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சிறப்பாசிரியை சென்னை:
அம்மா, ரெண்டு வருஷம் நல்ல டைம்தான், ஆனா இன்னிக்கே ஆரம்பிக்கணும். மொதல்ல அவனோட ஃபைலைக் கேட்டு வாங்கிப் பாருங்க. நம்ம ஊர் ஸ்பெஷல் ஸ்கூல் நிறைய இடத்துல எம்டிபிஎஸ்னு பிள்ளைக்கு என்னென்ன வரும்னு குறிச்சு வெக்கற ஃபார்ம் இருக்கும், சென்னையில ஜெயச்சந்திரன், விமலா ரெண்டு பேரும் உருவாக்கினது, 18 தலைப்பு, தலைப்புக்கு 20ன்னு மொத்தம் 360 திறன் அதுல வரிசையா இருக்கு. படிப்பு, எழுத்து, எண் எல்லாம் அதுல ஒவ்வொரு தலைப்புதான். சாப்பாடு, உடை, குளிச்சு சுத்தமா இருக்கறது, டைம், பணம், வீட்டு வேலை, வெளியில நடமாடறது, பொழுதுபோக்கு, தொழில்னு மத்ததெல்லாம் வாழ்க்கைக்கு வேண்டியது. நான் பாத்த வரைக்கும் எழுத்து எண் பக்கத்துல வருஷா வருஷம் டிக் ஏறிட்டே இருக்கும், பணம், வெளியில நடமாடறது, பொழுதுபோக்கு பக்கம் அப்படியே காலியா கிடக்கும். அந்த காலி பக்கம்தான் உங்க ரெண்டு வருஷத்துக்கான சிலபஸ்.

அவனுக்கு நூறு வரை எண்ணத் தெரிஞ்சும் கடையில நிக்கறான்னா காரணம் இருக்கு. வகுப்புல எண்றது வேற, கடைக்காரர் முகத்தைப் பாத்து "அண்ணா அரை லிட்டர் பால் ஒண்ணு"ன்னு கேக்கறது வேற. நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு இடத்துல கத்துக்கிட்டதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோறதுதான் கஷ்டம், அதனால கடை பாடத்தை கடையிலதான் நடத்தணும். ஒரே கடை, ஒரே பொருள், கூட்டம் இல்லாத நேரம். கடைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, அவன் வாயைத் திறக்கற வரைக்கும் நீங்களா எடுத்துக் குடுக்காதீங்கன்னு. பேச்சு தெளிவில்லன்னா பால் பாக்கெட் போட்டோ ஒண்ணு போன்ல இருக்கட்டும், காட்டுவான்.

பணத்துக்கு ஒரு வழி சொல்றேன். கூட்டல் கழித்தல் வரலன்னா விட்டுடுங்க. எல்லாமே பத்து ரூபா நோட்டா குடுங்க. கடைக்காரர் 37ன்னு சொன்னா மூணு நோட்டு, கூட ஒண்ணு, ஆக நாலு. 52ன்னா அஞ்சு, கூட ஒண்ணு. மொத எண்ணை மட்டும் காதுல வாங்கினா போதும், மீதி சில்லறையை பர்ஸ்ல போட்டுட்டு வந்துடுவான். கணக்கே வராத பிள்ளைங்க இதுல தானா கடைக்குப் போறதை நான் என் வகுப்பிலேயே பாக்கறேன்.

வீட்ல ஒரு வேலை, முழுசா அவனோடதா இருக்கணும். டீ போடறதுன்னு வெச்சுக்கோங்க. கேஸ் பயமா இருந்தா இண்டக்‌ஷன் அடுப்பு. அவன் கையே செய்யற மாதிரி ஒவ்வொரு ஸ்டெப்பையும் போட்டோ எடுத்து அவன் கண்ணு உயரத்துக்கு சுவத்துல ஒட்டுங்க. சொல்லித் தரும்போது கடைசி ஸ்டெப்ல இருந்து ஆரம்பிங்க. மொதல்ல எல்லாம் நீங்க பண்ணிட்டு டம்ளர்ல ஊத்தறதை மட்டும் அவன்கிட்ட விடுங்க, அது வந்ததும் வடிகட்டறதையும் சேர்த்து விடுங்க, அப்படியே பின்னாடி போங்க. ஒவ்வொரு நாளும் அவன் முடிச்ச வேலையா அது இருக்கும், அப்பாவுக்குக் கொண்டுபோய்க் குடுப்பான்ல, அந்த சந்தோஷத்துலயே அடுத்த ஸ்டெப்புக்கு வருவான்.

நெல்லை அப்பா:
டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. என் மகனுக்கு இப்ப 22, ஆட்டிசம், பேச்சு கிடையாது. நான் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், எல்லாத்துக்கும் முன்னால பஸ்ஸுல தனியாப் போய் வரச் சொல்லிக் குடுங்க. எந்த வேலைக்குப் போனாலும் நாமளே கொண்டுபோய் விட்டு நாமளே கூட்டியாரணும்னா, நமக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தா அவனுக்கும் அன்னைக்கு வேலை கிடையாது.

நாங்க செஞ்சது இதான். மொதல்ல நான் பக்கத்து சீட்டுல உக்காந்தேன். பொறவு ரெண்டு சீட்டு பின்னால. பொறவு அவன் முன்வாசல்ல ஏற நான் பின்வாசல்ல ஏறி, கூட்டத்துல அவனுக்குத் தெரியாம நின்னுக்கிடுவேன். கடைசில பஸ்ஸுக்குப் பின்னாலயே பைக்குல போனேன். ரொம்ப மாசம் ஆச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் அவசரப்படக் கூடாது. எறங்குற இடத்துக்கு முந்தின அடையாளம் ஒண்ணு வேணும், அவனுக்கு அது ஒரு பெட்ரோல் பங்க், அதப் பாத்ததும் எந்திரிச்சு நிப்பான். சட்டைப் பையில லேமினேஷன் போட்ட கார்டு: பேரு, என் நம்பர், "எனக்குப் பேச வராது. பதட்டம் வந்தா காதைப் பொத்திக்கிடுவேன், அப்ப தொட வேண்டாம், இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க". ஒரு தரம் திருவிழாவுக்கு பஸ்ஸ வேற வழியா விட்டுட்டாங்க, அதுல இருந்து அதையும் ஒரு பாடமாவே வச்சாச்சு. வழி மாறினா எறங்காதே, கார்டை கண்டக்டர்ட்ட காட்டுன்னு. ஊர் கண்டக்டர்மாருக்கு எல்லாம் அவனை இப்ப நல்லாத் தெரியும், பாஸ் இருக்கான்னுகூட கேக்க மாட்டாங்க.

இப்ப ஒரு பிரிண்டிங் பிரஸ்ல அரை நாள் போறான். பேப்பரை அடுக்கித் தட்டி ஒழுங்கு பண்றது, பைண்டிங்குக்கு ஃபாரம் சேக்குறது. அவனுக்கு வரிசை மாறக் கூடாது, அந்த குணம் அங்க வேலைக்கு ஆகுது.

மதுரை மீனாட்சி நகர்:
எல்லாரும் வேலை, பஸ்சுன்னு பேசுறீங்க. என் மகளுக்கு 19. சிபி (மூளை முடக்குவாதம்), அதோட அறிவு வளர்ச்சியும் ரொம்பக் குறைவு. ஸ்பூனைக்கூட அவளால பிடிக்க முடியாது, டயப்பர்தான், தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிருச்சு. ஸ்கூல் நின்னதுல இருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கா, அங்கன பிசியோவாவது கிடைச்சுச்சு. இந்த மாதிரி இழையெல்லாம் படிச்சா எங்க வீட்டுப் பிள்ளை யார் கணக்குலயும் இல்லன்னுதான் தோணுது. எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்க.

சிறப்பாசிரியை சென்னை:
மதுரை அம்மா, நீங்க எழுதினதுக்கு ரொம்ப நன்றி, உங்க பொண்ணை விட்டுட்டுப் பேசினா இந்தப் பேச்சே பாதிதான். பெரியவளாகறதுன்னா சம்பாதிக்கறது மட்டும் இல்ல. தனக்கு எது வேணும்னு சொல்றது, அதை அடுத்தவங்க கேட்டு நடக்கறது, அதுவும்தான். காலையில ரெண்டு டிரஸ்ஸைக் காட்டுங்க, எதைப் பாக்கறாளோ அதுதான் இன்னிக்கு. சாப்பாட்டுக்கு அடுத்த வாய் வேணும்னா வாயைத் திறப்பா, போதும்னா தலையைத் திருப்புவா, அந்தத் திருப்பலை "போதும்"ங்கற வார்த்தையாவே எடுத்துக்கிட்டு உடனே நிறுத்துங்க. தன் பேச்சு செல்லுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சா அடுத்த சைகை தானா வரும். மிக்ஸி ஓட்டறதுக்குக்கூட பெரிய பட்டன் ஸ்விட்ச் போட்டுக் குடுக்கலாம், அவ அமுக்கினாத்தான் சட்னி அரையும்னு வெச்சா அது வீட்டுக்கு அவ செய்யற வேலை.

முக்கியமா உங்க இடுப்பு. ரெண்டு பேர் இல்லாம தூக்காதீங்க. ஸ்லைடிங் ஷீட், டிரான்ஸ்ஃபர் போர்டு, லிஃப்ட்னு கையால தூக்காம ஆளை நகர்த்தற சாதனமெல்லாம் பாக்கணும்னா முட்டுக்காட்டுல நீப்மெட் இருக்கு, பல்வகைக் குறைபாடுகளுக்குன்னே 2005ல வந்த மத்திய அரசு நிறுவனம். சென்னைக்கு வந்தா காமராஜர் சாலையில மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் போய்ப் பாருங்க, வித்யாசாகர்ங்கற தொண்டு நிறுவனத்தோட சேந்து அரசு நடத்தறது. ஒரு வீடு மாதிரியே செட் பண்ணி சமையலறை, பாத்ரூம், கட்டில்னு என்னென்ன மாத்தலாம்னு காட்டுவாங்க. அங்க இருக்கற காஃபி ஷாப்பை நடத்தறதும் மாற்றுத்திறனாளிகள்தான்.

தென்காசிக்காரன்:
மதுரை அக்காவுக்கு, நிராமயா எடுத்திருக்கீங்களா? மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் குடுக்கற ஹெல்த் இன்சூரன்ஸ், வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும். மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, வயசு வரம்பு கிடையாது, தெரபி செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. டிரஸ்ட்ல பதிவு பண்ணின ஏதாவது ஒரு என்ஜிஓ மூலமா அப்ளை பண்ணணும். அரசு பராமரிப்புத் தொகை மாசம் 2000 வருதான்னும் பாத்துக்கோங்க, வரலன்னா கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க.

திருப்பூர் பனியன் கம்பெனி:
நான் ஓனரா எழுதறேன், சின்ன யூனிட்தானுங்க. எங்ககிட்ட அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருக்கற ரெண்டு பசங்க வேலை பாக்கறாங்க, பேக்கிங் செக்‌ஷன்ல. ஸ்கூல்காரங்களும் பெத்தவங்களும் எங்ககிட்ட வந்து "பையன் பேப்பர் கவர் நல்லா ஒட்டுவான்"னு சொல்றாங்க. கவர் ஒட்டற வேலை எங்ககிட்ட இல்லைங்க. உங்க ஊர்ல என்ன தொழில் இருக்கு, அதுல எந்த வேலை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும்னு போய்ப் பாத்துட்டு அதைச் சொல்லிக் குடுங்க. இங்க பிசிறு வெட்டறது, மடிக்கறது, பாலிபேக் போடறது. ஈரோடுன்னா மஞ்சள், ஜவுளி. சிவகாசின்னா அச்சாபீஸ்.

எங்க பையன் ஒருத்தனுக்கு எண்ணத் தெரியாது. பத்து பீஸ் ஒரு கட்டு. சூப்பர்வைசரம்மா ஒரு அட்டையில பத்துக் கட்டம் போட்டுக் குடுத்தாங்க, கட்டத்துக்கு ஒண்ணா வெச்சு எல்லாக் கட்டமும் நெறஞ்சா கட்டிருவான். மடிக்கறதுக்கு டீசர்ட் சைசுக்கு ஒரு அட்டை, அதை நடுவுல வெச்சு ரெண்டு பக்கம் மடிச்சு அட்டையை உருவிக்குவான். இப்ப மத்த லேடீசும் அதே அட்டையத்தான் கேக்கறாங்க, தப்பு குறையுதுங்க.

வேலையை நாங்க சொல்லிக் குடுத்துக்குவோம். எங்களுக்கு வேண்டியது வேற: டைமுக்கு வர்றது, பாத்ரூம் தானா போய்ட்டு கை கழுவிட்டு வர்றது, டிபன் பாக்ஸ் தானா தொறந்து சாப்பிடறது, முடியலைன்னா "முடியல"ன்னு சொல்றது, யாராச்சும் சத்தம் போட்டா எங்க போய் நிக்கணும்னு தெரியறது. இது அஞ்சும் இருந்தா எந்த கம்பெனிலயும் தாக்குப் பிடிப்பான். ஆரம்பத்துல கூட ஒரு ஆள் வந்து நின்னு சொல்லிக் குடுத்தாங்கன்னா, ஜாப் கோச்னு சொல்வாங்களே, ரொம்ப உதவியா இருக்கும்ங்க.

சம்பளம் பத்தி ஒரு வார்த்தை. "அவனுக்கு காசு வேண்டாம், நேரம் போனா போதும்"னு சில பெத்தவங்களே சொல்றாங்க. அப்படிச் சொல்லாதீங்க. பீஸ் கணக்குல மத்தவங்களுக்கு என்னவோ அதுவே அவனுக்கும், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம். வேலைக்கு கூலி வாங்கறது அவன் உரிமை.

நெல்லை அப்பா:
ஓனர் ஐயா, கையெடுத்துக் கும்பிடுதேன். எங்க பக்கத்துல "பயிற்சி"ன்னு பேர் வச்சு வருசக்கணக்கா சும்மா வேலை வாங்குன இடமும் உண்டு. அதுக்கு ஒத்துக்கிடவே கூடாது.

ஒசூர் தங்கச்சி:
நான் ஒரு சிப்ளிங், அதாவது ஸ்பெஷல் பிள்ளையோட கூடப் பிறந்தவ. எங்க அண்ணனுக்கு 31, நான் அவனைவிட நாலு வயசு சின்னவ. வீட்ல எல்லாரும் "எங்களுக்கப்புறம் நீதான் பாத்துக்கணும்"னு எனக்கு ஸ்கூல் படிக்கும்போதே சொல்லிட்டாங்க, ஆனா எப்படின்னு யாரும் உக்காந்து பேசல. பெத்தவங்க தயவுசெஞ்சு மத்த பிள்ளைங்ககிட்ட பேசுங்க, பயப்படாதீங்க, நாங்க ஓடிப்போயிட மாட்டோம். எங்களுக்கு எவ்ளோ முடியும், கல்யாணத்துக்கு அப்புறம் எப்படி, அவன் என்கூட இருக்கணுமா பக்கத்துல தனி ஏற்பாடா, இதையெல்லாம் அண்ணனையும் உக்கார வெச்சே பேசணும். எங்க அண்ணன்கிட்ட கேட்டப்ப அவன் சொன்னது, "என் ரூம் வேணும், என் டிவி வேணும், நீ ஞாயித்துக்கெழம வா". அவனுக்கு அவன் வீடுதான் வேணும்னு அப்பதான் எங்களுக்குப் புரிஞ்சுது, அதுக்கேத்த மாதிரி பிளான் பண்றோம்.

அப்புறம் அம்மா ஒரு நோட்டு போட்டாங்க, எல்லா வீட்லயும் வேணும். என்ன மாத்திரை எப்போ, ஃபிட்ஸ் வந்தா என்ன பண்ணணும், எந்த டாக்டர், எதைக் கண்டா பயம், தூங்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும், கோவம் வந்தா எது பண்ணினா அடங்குவான், எது பண்ணினா அதிகமாகும். அம்மா தலைக்குள்ள மட்டும் இருந்த விஷயம் அதெல்லாம்.

கோர்ட் பக்கம் இருக்கறவன்:
சட்ட விஷயம் கொஞ்சம் சொல்றேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயசு வரைக்கும் இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. 18 தாண்டினா அந்த மாதிரி உறுதி எதுவும் சட்டத்துல கிடையாது, அதான் ஈரோட்டு அம்மாவுக்கு ஸ்கூல்ல அப்படிச் சொல்றாங்க. வேலைப் பக்கம் அரசு இடஒதுக்கீடு 4%, அதுல 1% ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்து. நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்கு பிரயோஜனம், மிதமான குறைபாடு இருக்கறவங்களுக்கு பரீட்சை தாண்டறது கஷ்டம், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

18 ஆன அன்னிக்கு சட்டத்தின் கண்ணுல உங்க பையன் மேஜர். அப்பா அம்மாங்கறதாலயே நீங்க கார்டியன் ஆகிட முடியாது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஆட்டிசம், சிபி, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருக்கறவங்களுக்கு மாவட்ட அளவுல ஒரு குழு இருக்கு, எல்எல்சி (லோக்கல் லெவல் கமிட்டி)ன்னு பேரு, கலெக்டர் தலைமை, ஒரு என்ஜிஓ ஆள், ஒரு மாற்றுத்திறனாளி. அங்க கார்டியன் சான்றிதழ் வாங்கலாம், பேங்க்ல அதை ஏத்துக்கணும்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. ஆனா எல்லாருக்கும் உடனே அது வேணுமான்னு கேட்டா என் அபிப்பிராயம் வேண்டாம்னுதான். கையெழுத்துப் போட்டு, என்னன்னு புரிஞ்சு பதில் சொல்றவனுக்கு அவனே அக்கவுண்ட் வெச்சுக்கலாம். 2016 சட்டத்தோட 14வது பிரிவுல மட்டுப்படுத்தப்பட்ட கார்டியன்ஷிப்னு ஒண்ணு இருக்கு, கார்டியனும் அவரும் சேர்ந்து முடிவெடுக்கறது, குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. எது தேவையோ அதை மட்டும் கேளுங்க, மொத்த உரிமையையும் எழுதி வாங்கிடாதீங்க.

இன்னும் சிலது. அறிவுசார் குறைபாட்டு சான்றிதழ் 18 வயசுல மறுபடி எடுக்கணும், அப்ப எடுக்கறதுதான் ஆயுசுக்கும், யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை)யும் அதோட சரி பண்ணிக்கோங்க. அரசு வேலையில இருக்கறவங்க, ரிட்டயர் ஆனவங்க, பென்ஷன் ரெக்கார்டுல குடும்ப விவரத்துல பிள்ளை பேரையும் குறைபாட்டையும் இப்பவே ஏத்துங்க, நீங்க ரெண்டு பேரும் இல்லாத காலத்துல குடும்ப பென்ஷன் அவனுக்கு வரணும். உயில் எழுதாம இருக்காதீங்க. ஓட்டர் ஐடியும் எடுங்க. சித்த சுவாதீனம் இல்லன்னு கோர்ட் அறிவிச்சாத்தான் ஓட்டு இல்ல, மத்தபடி யாரும் தடுக்க முடியாது.

நெல்லை அப்பா:
என் மகன் ஓட்டுப் போட்டான். சின்னத்தை போட்டோவுல பாத்து அவனேதான் முடிவு பண்ணான், நான் கேக்கவும் இல்ல.

சேலம் ராஜி:
யாரும் தொடாத ஒண்ணு, நானே கேட்டுடறேன். பொண்ணுக்கு 15, ஆட்டிசம். பீரியட்ஸ் வந்துருச்சு, பேடைப் பிச்சு எறியறா. அப்புறம் யாரைப் பாத்தாலும் கட்டிப்பிடிக்கறா. சின்னப் பிள்ளையில எல்லாரும் ரசிச்சாங்க, இப்ப எனக்கு வயித்தக் கலக்குது.

சிறப்பாசிரியை சென்னை:
ராஜி, பீரியட்ஸ் இல்லாத நாள்லயே பேட் வெச்சுப் பழக்குங்க, மொதல்ல கொஞ்ச நேரம், அப்புறம் நேரத்தைக் கூட்டிட்டே போங்க. பழைய உள்ளாடையில பேட் எங்க வரணும்னு மார்க்கர்ல கோடு போட்டு வைங்க. உறுத்தறதாலதான் பிக்கறான்னா துணி பேட் இல்லன்னா பீரியட் பேண்டி மாத்திப் பாருங்க. பாத்ரூம் கதவைச் சாத்திட்டுதான் மாத்தணும், வீட்ல மத்தவங்களும் கதவைத் தட்டிட்டுதான் வரணும், அவ பிரைவசியை நாம மதிச்சாத்தான் அவளுக்கு அது தெரியும்.

கட்டிப்பிடிக்கறதுக்கு, வட்டம் போட்டு போட்டோ ஒட்டுங்க: நடு வட்டத்துல அப்பா அம்மா பாட்டி, அவங்களை மட்டும் கட்டிக்கலாம். அடுத்த வட்டம் டீச்சர், ஃப்ரெண்ட்ஸ், கை குடுக்கலாம். அடுத்தது பக்கத்து வீட்டுக்காரங்க, வணக்கம். வீட்டுக்கு வர்ற மாமா "பரவால்ல விடுங்க"ம்பார், விடாதீங்க. ஆம்பளப் பிள்ளைங்களுக்கும் இதே பாடம்தான், 20 வயசுப் பையன் தெரியாத பொண்ணு தோளைத் தொட்டா அவன் மனசு எப்படின்னு ரோட்ல யாரும் யோசிக்க மாட்டாங்க. "வேண்டாம்"னு சொல்லவும் பழக்குங்க. நாள் முழுக்க சொன்ன பேச்சைக் கேளுன்னே வளத்தா, தப்பான ஆள் சொன்னாலும் கேட்டுடுவாங்க.

சிங்கப்பூர் தம்பி:
நான் இங்க ஸ்பெட் ஸ்கூல்ல உதவியாளரா இருக்கேன், ஸ்பெஷல் ஸ்கூலை இங்க அப்படித்தான் சொல்வாங்க. இங்க 13 வயசுலயே டிரான்சிஷன் பிளான் போட ஆரம்பிச்சுடுவாங்க, பிள்ளை, பெத்தவங்க, டீச்சர் எல்லாரும் உக்காந்து. ஸ்கூல் 18 வரை, சில ஸ்கூல்ல தொழில் பயிற்சிக்கு 21 வரை. 2014ல இருந்து ஸ்கூல்-டு-வொர்க்னு ஒரு திட்டம், கடைசி வருஷத்துலயே வேலை இடத்துல போய்ப் பழகி, ஜாப் கோச் கூடவே இருப்பாங்க. பெத்தவங்க காலத்துக்கு அப்புறம் பணத்தைப் பாத்துக்க அரசு ஆதரவோட ஒரு டிரஸ்ட் கம்பெனியும் இருக்கு. எல்லாம் சொர்க்கம்னு நினைக்க வேண்டாம், டே சென்டர்ல இடம் கிடைக்க இங்கயும் காத்திருக்கணும். ஆனா அந்த 13 வயசுங்கறதை நம்ம ஊர் ஸ்கூல்ல எல்லாரும் கேக்கணும், ஐஇபி (பிள்ளைக்குன்னு தனியா போடற கல்வித் திட்டம்) மீட்டிங்ல "18ல இவன் என்ன பண்ணுவான்"னு ஒரு வரியாவது எழுதச் சொல்லிக் கேளுங்க.

ஈரோட்டு அம்மா:
எல்லாரும் இவ்ளோ எழுதிருக்கீங்க, உக்காந்து நோட்டுல எழுதிட்டேனுங்க. டீ வேலை ஆரம்பிச்சாச்சு, ஊத்தறதை மட்டும் விட்டேன், அவங்க தாத்தாவுக்கு அவனேதான் கொண்டுபோய்க் குடுக்கறான். கடைக்காரண்ணன்கிட்டயும் பேசிட்டேன். ரெண்டு சந்தேகம். இப்ப யாரும் நோட்டே நீட்டறதில்ல, எல்லாம் ஸ்கேன்தான், அவனுக்கு போன்ல பணம் குடுத்தா ஏமாத்திருவாங்களா? ரெண்டாவது, அந்த எல்எல்சிக்கு நாளைக்கு தேவைப்பட்டா என்ன எடுத்துட்டுப் போகணும்?

கோர்ட் பக்கம் இருக்கறவன்:
யுபிஐ சர்க்கிள்னு 2024ல வந்திருக்கு. உங்க அக்கவுண்ட்ல இருந்து அவன் போன்ல ஸ்கேன் பண்ணுவான். ரெண்டு விதம் இருக்கு: ஒண்ணுல ஒவ்வொரு தடவையும் உங்க போன்ல கேக்கும், நீங்க பின் போட்டாத்தான் பணம் போகும், இதுல ஆரம்பிங்க. பழகினதும் இன்னொண்ணு, மாசத்துக்கு இவ்ளோன்னு லிமிட் வெச்சுடலாம், அதிகபட்சம் 15000, ஒரு தடவைக்கு 5000க்கு மேல போகாது. நீங்க 500ன்னுகூட வெச்சுக்கலாம். ஓடிபி கேட்டு போன் வந்தா கட் பண்ணிட்டு அம்மாகிட்ட குடுக்கணும்னு அதையும் வீட்லயே நடிச்சுப் பழக்குங்க.

எல்எல்சிக்கு: அவனோட சான்றிதழ் அல்லது யுடிஐடி, வயசுக்கு ஆதாரம், ரெண்டு பேரோட ஆதார், முகவரி ஆதாரம், போட்டோ. அப்பா அம்மா ரெண்டு பேரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். குழு எப்ப கூடுதுன்னு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல முன்னாடியே கேட்டுட்டு, குடுத்ததுக்கு ரசீது வாங்கிக்கோங்க. அவனையும் கூட்டிட்டுப் போங்க, அவன்கிட்ட கேக்க வேண்டியதை அவன்கிட்டதான் கேக்கணும்னு அங்க சொல்லுங்க. வேற மாவட்டத்துல சமீபத்துல வாங்கினவங்க இருந்தா எவ்ளோ நாள் ஆச்சுன்னு இங்க போடுங்க.